பில்லில் புது வீல் சிலிண்டர், வண்டியில் பெயின்ட் அடித்த பழையது: பின் பிரேக் வேலை கொடுப்பவர்கள் கவனிக்கவும்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நேரம் எடுத்து வாசியுங்கள். பின் பிரேக் முழுவதையும் புதிதாகச் செய்து கொடுத்ததாக பில் போட்டு ஒரு கராஜில் என்னிடம் 46,500 ரூபாய் வாங்கினார்கள். வீல் சிலிண்டர் இரண்டு, பிரேக் லைனர் ஒரு செட், பிரேக் ஒயில், கூலி என்று பில்லில் இருந்தது. சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் உரசி வண்டியை நிறுத்துவது லைனர், பெடலை மிதிக்கும்போது ஒயில் அழுத்தத்தால் அதைத் தள்ளுவது வீல் சிலிண்டர். வண்டியில் உண்மையில் புதிதாக இருந்தது பிரேக் ஒயில் மட்டும்தான். அதையும் டப்பாவில் மேலாக ஊற்றியதோடு சரி.

கராஜின் பெயரை இங்கே போடவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு காரணம். பெயர் தெரிந்தால் அந்த ஒரு கடையை ஒதுக்கிவிட்டு, இதே வேலையை அடுத்த கடையில் செய்துகொண்டு வருவீர்கள் என்பது இன்னொரு காரணம். எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடிக்கலாம்.

வண்டி டொயோட்டா கொரோலா டீஎக்ஸ் வேகன், எண்பதுகளில் வந்தது. பின் சக்கர ஓட்டம், பின்னால் டிரம் பிரேக். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இந்த மாதிரி வண்டிகளுக்கு என்ன விலை சொன்னார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2025இல் இறக்குமதியைத் திறந்த பிறகும் புதுக் காரின் விலையைக் கேட்டுவிட்டு, இருப்பதைத் திருத்தி ஓட்டுவோம் என்று இருப்பவர்களில் நானும் ஒருவன். பழைய வண்டிக்காரனுக்கு வேறு வழியில்லை என்பது கராஜ்காரர்களுக்கும் தெரியும்.

பிரேக் மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுத்தது. ரோடு ஈரமாக இருந்தால் இன்னும் மோசம், பின்பக்கம் லேசாக வழுக்கித் திரும்பப் பார்க்கும். வலது பின் டயரின் உள்பக்கச் சுவரில் எண்ணெய் வழிந்த கோடும் இருந்தது. கராஜ் முதலாளி சக்கரத்தைக் கழற்றி டிரம்மை எடுத்துப் பார்த்தார். "சேர், ரெண்டு சிலிண்டரும் போயிருச்சு. லைனரும் நனைஞ்சிருச்சு. பஞ்சிகாவத்தையில சொல்லித்தான் சாமான் எடுக்கணும்" என்றார். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் இடம் அது. துரு ஏறிய ஒரு சிலிண்டரையும் கையில் கொடுத்து, "இதுதான் உங்க வண்டியில இருந்தது, பாருங்க" என்றார். அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிற்பாடு எனக்குக் கைகொடுத்த ஒரே சாட்சி அந்தப் படம்தான்.

முதல் பொய் இங்கேயே ஆரம்பித்துவிட்டது. பின் சக்கர ஓட்டமுள்ள வண்டியில் டிரம்முக்குள் எண்ணெய் இரண்டு வழியாக வரலாம். வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து பிரேக் ஒயில் கசியலாம். இல்லையென்றால் பின் சக்கரத்தைச் சுழற்றும் அக்ஸில் தண்டின் ஒயில் சீல் போய், பின்னால் நடுவில் இருக்கும் டிஃப் என்ற பல்சக்கரப் பெட்டியின் ஒயில் வெளியே வரலாம். இரண்டும் டிரம்முக்குள் தூசியோடு கலந்தால் பார்வைக்கு ஒரே கறுப்புச் சேறுதான். ஆனால் விரலில் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பிரேக் ஒயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும், பெயின்டில் பட்டால் பெயின்ட் உரிந்து வரும். டிஃப் ஒயில் வெறும் தண்ணீருக்கு அசையாது, கந்தக நாற்றம் அடிக்கும், கொழகொழவென்று கையை விட்டுப் போகாது. போதாததற்கு, டயர் வரைக்கும் வழியும் அளவுக்கு வீல் சிலிண்டர் கசிந்திருந்தால் பொனட்டுக்குள் இருக்கும் பிரேக் ஒயில் டப்பாவின் மட்டம் இறங்கியிருக்க வேண்டும். என் வண்டியில் மட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. இதை நான் முதலாளியிடம் சொன்னேன். "பழைய வண்டியில அப்பிடித்தான் சேர் இருக்கும்" என்று பதில் வந்தது. பழைய வண்டி என்றால் எதற்கும் இந்த ஒரே பதில்தான்.

வேலை முடிந்து வண்டியை எடுத்தபோது பிரேக் அருமையாக இருந்தது. பெடல் உயரமாக, கெட்டியாக, மிதித்த இடத்தில் நின்றது. வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கராஜ் வாசலில் இருந்து டவுனை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுப்பவர்தான் எங்களில் அதிகம். அந்த ஒரு சுற்றுக்காகவே செய்த வேலை இது.

அப்புறம் அம்மாவை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை பக்கம் இறங்கினேன். வட்டவளை தாண்டியதும் எரிந்த வாடை வந்தது. பெடல் மெதுவாகக் கீழே போகத் தொடங்கியது. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஓரத்தில் அகலமான ஒரு இடம் பார்த்து நிறுத்தினேன். பின் ரிம்மில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியானது. இரண்டு பக்கமும் சூடு, வலது பக்கம் கூடுதல். ஆறவிட்டதும் பெடல் மறுபடி மேலே வந்துவிட்டது. மிச்சத் தூரத்தை லொறிக்குப் பின்னால் லொறியாகவே ஊர்ந்து போனேன்.

மறுபடி அதே கராஜுக்குப் போகவில்லை. தோட்டத்து ஃபெக்டரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பாஸ் (கைதேர்ந்த தொழிலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எங்கள் பக்கம் இருக்கிறார், வீட்டு முற்றத்தில்தான் வேலை. அவரிடம் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டிரம்மைத் தொடுவதற்கு முன்னால் அவர் வண்டிக்கு அடியில் படுத்து ஹேண்ட் பிரேக் கேபிளைத் தட்டிப் பார்த்தார். கேபிள் கம்பியாக விறைத்து நின்றது. "மாஸ்டர், பெடல் ஒசரமா இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல? இதுதான் ஒசரம்" என்றார்.

லைனர் தேயத் தேய டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடும், பெடல் ஆழமாகப் போகும். அதைச் சரி செய்ய உள்ளே அட்ஜஸ்டர் இருக்கிறது. முதலில் கேபிளைத் தளர்த்த வேண்டும், பிறகு அட்ஜஸ்டரைத் திருப்பி லைனரை டிரம்முக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும், கடைசியில்தான் கேபிளின் தளர்வை எடுக்க வேண்டும். துரு பிடித்து இறுகிய அட்ஜஸ்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய நேரம் பிடிக்கும். அதற்குப் பதிலாகக் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால் லைனர் நிரந்தரமாக டிரம் பக்கம் தள்ளப்பட்டு நிற்கும், ஐந்து நிமிஷத்தில் பெடல் உயர்ந்துவிடும். தட்டையான ரோட்டில் ஒன்றும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் லைனர் சூடாகி விரியும், உரசும், இன்னும் சூடாகும். கேபிள் விறைப்பாக இருக்கும்வரை தானாக இயங்கும் அட்ஜஸ்டரும் ஒழுங்காக வேலை செய்யாது.

பழைய பிரேக் ஒயில் அந்தச் சூட்டோடு சேர்ந்துகொண்டது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். நாட்டிலேயே அதிகம் மழை வாங்கும் இடங்களில் வட்டவளையும் ஒன்று, நம் பக்கத்து ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி வரும், பெடல் பஞ்சாகும். சிலிண்டர் மாற்றினால் குழாயைத் திறந்து காற்றெடுத்தாக வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும், அப்போது பழைய ஒயில் வெளியே வந்துதான் தீரும். என் வண்டியின் பின் சக்கரக் குழாயிலிருந்து வந்தது தேயிலைச் சாயம் நிறத்தில் இருந்தது.

டிரம்மைக் கழற்றியதும் மிச்சம் தெரிந்தது. சிலிண்டர் வெள்ளி நிறத்தில் பளபளத்தது. பாஸ் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார், பெயின்டுக்கு அடியில் துரு. காற்றெடுக்கும் நிப்பிளின் முனைகள் தேய்ந்து உருண்டிருந்தன. புது சிலிண்டர் என்றால் நிப்பிளும் அதன் ரப்பர் மூடியும் புதிதாகவே கூட வரும். உள்ளே ரப்பர் கிட்கூட மாற்றியிருக்கவில்லை. சிலிண்டரின் உடலில் அதன் துளை அளவு பொறித்திருந்தது. என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம், அதில் வேறு அளவு. எனக்குக் காட்டிய துருப்பிடித்த சிலிண்டர் வேறு யாருடைய வண்டியிலோ இருந்து வந்தது. எத்தனை பேர் கையில் அதைக் கொடுத்திருப்பார்களோ!

லைனர் கதை இன்னும் மோசம். எண்ணெயில் ஊறிய பழைய லைனரைப் பெட்ரோலில் கழுவி, மேலே சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டியிருந்தார்கள். கழுவியதும் மேற்பரப்பு காய்ந்துவிடும், முதல் சில மிதிகளுக்கு நன்றாகவே பிடிக்கும். உள்ளே ஊறிய எண்ணெய் எங்கும் போகாது. டிரம் சூடானதும் வியர்வை மாதிரி வெளியே வரும். எண்ணெய் பட்ட லைனர் சில நேரம் வழுக்கும், சில நேரம் சட்டென்று கவ்வும். ஒரு பக்கம் மட்டும் கவ்வினால் ஈரமான வளைவில் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். "பிரேக்கோட பெரும்பங்கு முன்னால தானே, பின்னால அவசரமில்ல" என்று அந்த கராஜில் ஒருவர் சொன்னார். முதல் பாதி சரி. இறக்கத்தில் பாரம் முன்னால் சாய்வதால் பின் சக்கரம் இன்னும் லேசாகிவிடுகிறது, அதனாலேயே ஒரு பக்கம் கவ்வினால் சுலபமாக வழுக்கும். எண்ணெய் ஊறிய லைனரை எறியத்தான் வேண்டும், அதுவும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதை பாஸ் மோந்து பார்த்தே சொல்லிவிட்டார். டிஃப் ஒயில்தான். வலது அக்ஸிலை இழுத்து எடுத்து ஒயில் சீலை மாற்றினார். அதோடு விடவில்லை. அக்ஸில் கூட்டின் மேலே சின்னதாக ஒரு காற்றுப் போக்கி இருக்கும், பிரீதர் என்பார்கள். அது சேறு அடைத்துக் கிடந்தது. ஏற்ற இறக்கத்தில் டிஃப் சூடாகி உள்ளே அழுத்தம் கூடும்போது, அது வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வருகிறது. அந்தப் பிரீதரைச் சுத்தம் செய்யாமல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் மறுபடி கசியலாம். டிஃப் ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதிதான்.

இடையில் ஒன்று. முதல் கராஜில் டிரம்முக்குள் இருந்த தூசியை ஒரு சின்னப் பையன் காற்றுக் குழாயால் ஊதிக்கொண்டிருந்தான், முகத்தில் ஒரு துணிகூட இல்லை. பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் நீங்களும் நிற்காதீர்கள்.

வேலை கொடுப்பதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே பார்க்கக்கூடியது கொஞ்சம் உண்டு. எஞ்சின் ஓட, பெடலை ஒரு தரம் மிதியுங்கள். விட்டு உடனே இன்னொரு தரம் மிதியுங்கள். இரண்டாவது மிதிக்கு உயர்ந்து கெட்டியானால் அநேகமாகப் பின் லைனர் டிரம்முக்குத் தூரமாக இருக்கிறது. எத்தனை மிதித்தும் பஞ்சு மாதிரி இருந்தால் குழாயில் காற்று. கெட்டியாக மிதித்துப் பிடித்தபடி இருக்கும்போதே மெதுவாகக் கீழே போனால் எங்கோ கசிவு, இல்லை பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் பழுது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் இழுத்துவிட்டு மிதிக்கும்போது பெடல் நன்றாக இருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் வேலைதான், சிலிண்டர் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

கழற்றும் பழைய சாமானை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லி முதலிலேயே பேசிவிடுங்கள். புதுச் சாமானைப் பெட்டியோடு, மாட்டுவதற்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். டிரம்மைத் தேய்க்க லேத்துக்கு அனுப்பினால், அதிலேயே பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டித் தேய்க்க விடாதீர்கள். வேலை முடிந்ததும் பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசினால் பரவாயில்லை, சுற்றவே மறுத்தால் காசு கொடுக்காதீர்கள்.

வருஷா வருஷம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். குழாயில் என்ன புகை வருகிறது என்று பார்க்கிறார்கள். நம் சொந்தக் கார் நிற்குமா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லயில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் இறந்த பிறகாவது அது மாறும் என்று நினைத்தேன்.

பில்லையும் படங்களையும் எடுத்துக்கொண்டு முதல் கராஜுக்குப் போனேன். முதலாளி கத்தவில்லை, "பையன் மாத்தி மாட்டிட்டான் சேர்" என்றார். பையன்மேல் பழி போட்டுவிட்டு லைனர் காசை மட்டும் திருப்பித் தந்தார். சிலிண்டர் காசைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், பில் கையில் இருக்க வேண்டும். விவரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். பில்லில் "பிரேக் வேலை" என்று ஒரே வரியாக எழுதித் தந்தால் வாங்காதீர்கள். என் பில்லில் "வீல் சிலிண்டர் புதியது 2" என்று முதலாளி தன் கையாலேயே எழுதியிருந்ததால்தான் புகாரை எழுதவே முடிந்தது.