மார்ஃபா, ஆல்பைன், ஃபோர்ட் டேவிஸ்: ஒரு முக்கோணத்தின் மூன்று தலைநகரங்கள்

மார்ஃபாவிலிருந்து ஆல்பைனுக்கு 42 கிலோமீட்டர். ஆல்பைனிலிருந்து ஃபோர்ட் டேவிஸுக்கு 39. அங்கிருந்து மறுபடி மார்ஃபாவுக்கு 34. காரில் ஒன்றரை மணி நேரத்தில் இந்த முக்கோணத்தைச் சுற்றி வந்துவிடலாம். அமெரிக்காவின் மேற்கு டெக்சஸில் இருக்கும் இந்த மூன்று சின்ன ஊர்களுமே கவுண்டித் தலைநகரங்கள், நம்மூர் மாவட்டத் தலைநகர் மாதிரி. அதாவது கோர்ட், ஷெரீஃப் அலுவலகம், பத்திரப் பதிவு எல்லாம் அங்கேதான். 'ஒரு வாரம் தங்க எது நல்லது, குடியேறுவதென்றால் எது?' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மார்ஃபாவைப் பற்றி மட்டுமே கேள்விப்பட்டிருப்பார்கள். மற்ற இரண்டையும் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் பழைய கணக்கு ஒன்று. ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுக்க ஒரே பிரெசிடியோ கவுண்டி, அதன் தலைநகர் ஃபோர்ட் டேவிஸ். சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோ போகும் பாதையைக் காக்க 1854-இல் ராணுவம் கட்டிய கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. 1880-களின் தொடக்கத்தில் ரயில் வந்தது, ஆனால் அந்தப் பக்கம் போகவில்லை. தெற்கே சமவெளியில், நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் இடமாகப் பிறந்த மார்ஃபா வழியாகப் போனது. 1885-இல் வாக்கெடுப்பு நடந்து தலைநகர் மார்ஃபாவுக்கு மாறியது. இரண்டே ஆண்டில், 1887-இல், ஃபோர்ட் டேவிஸ் தனியாக ஜெஃப் டேவிஸ் கவுண்டியின் தலைநகரானது. அதே ஆண்டு கிழக்கே பிரூஸ்டர் கவுண்டியும் பிரிந்தது, அதற்கு ஆல்பைன். அப்போது ஆல்பைனுக்கு மர்ஃபிவில் என்று பெயர், 1888-இல்தான் மாற்றினார்கள். ஒரே வீட்டிலிருந்து பாகம் பிரித்துக்கொண்ட மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் மூன்றுக்கும் வேறு. மார்ஃபா சுமார் 1,430 மீட்டர் உயரத்தில், திறந்த புல்வெளியின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மறைக்க ஒன்றுமில்லை. ஆல்பைன் கொஞ்சம் தாழ்வு, சுற்றிலும் காய்ந்த குன்றுகள் கொண்ட பள்ளத்தாக்கு. ஃபோர்ட் டேவிஸ் சுமார் 1,500 மீட்டரில், எரிமலைப் பாறைகளால் ஆன டேவிஸ் மலைகளின் காலடியில் இருக்கிறது. அழகில் மதிப்பெண் போடச் சொன்னால் யோசிக்காமல் ஃபோர்ட் டேவிஸுக்குத்தான் போடுவேன்.

வெயில், மழை விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றிலும் ஆண்டு மழை 400 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும். அதனால் ஜூலையைவிட ஜூனில்தான் வெயில் கொளுத்தும், மழை மேகம் வந்தபிறகு தணிந்துவிடும். காற்று வறண்டிருப்பதால் கோடையிலும் இரவு குளிரும். ஜனவரியில் பல இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகும்.

பயப்பட வேண்டியது வெயிலுக்கல்ல, வசந்த காலத்துக் காற்றுக்கு. 2011 ஏப்ரல் 9 அன்று மார்ஃபாவுக்கு வெளியே பிடித்த தீயைக் காற்று தள்ளிக்கொண்டே போய், சில மணி நேரத்தில் ஃபோர்ட் டேவிஸில் சேர்த்தது. வீடுகள் எரிந்தன, கால்நடைகள் மடிந்தன. அடங்குவதற்குள் மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் கருகிப்போனது. மலையடிவாரத்தில் வீடு பார்க்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

சரி, மனிதர்கள். மார்ஃபா என்றதும் எல்லோரும் சொல்வது டொனால்ட் ஜட் என்ற சிற்பியைத்தான். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து வந்தவர். 1946-இல் மூடப்பட்ட ராணுவ முகாமின் கொட்டகைகளில் நூறு அலுமினியப் பெட்டிகளை நிரந்தரமாக வைத்தார். அங்கே 1986-இல் அவர் நிறுவிய கலை அருங்காட்சியகமான சினாட்டி அறக்கட்டளை திறக்கப்பட்டது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஊரின் மக்கள்தொகையோ 2020 கணக்கெடுப்பில் வெறும் 1,788.

ஆனால் மார்ஃபாவில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பிளாக்வெல் பள்ளியை. மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை மட்டும் தனியாக ஒதுக்கிப் படிக்கவைத்த பள்ளி அது, 1965 வரை நடந்தது. 1954-இல் அந்தப் பிள்ளைகளை ஸ்பானிய மொழியில் காகிதத்தில் எழுதச் சொல்லி, அதைப் பெட்டியில் போட்டு, பள்ளிக் கொடிக்கம்பத்தருகே குழி தோண்டிப் புதைக்கவைத்தார்கள். தாய்மொழிக்கு ஒரு சவ அடக்கம்! அங்கே படித்தவர்களே பிற்காலத்தில் ஒன்றுகூடி, இடிபட இருந்த கட்டடத்தைக் காப்பாற்றினார்கள். 2022-இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் வந்தது. ஊரில் இன்றும் பெரும்பான்மை மெக்சிக வம்சாவளியினர்தான், மெக்சிக எல்லையும் நூறு கிலோமீட்டருக்குள். கலைக்காக வந்தவர்கள் வீட்டு விலையை ஏற்றிவிட்டபோது, தலைமுறை தலைமுறையாக மண்கல் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்குச் சொத்து வரி சுமையானது. மார்ஃபாவில் வீடு வாங்க நினைக்கிறவர்கள் யாருடைய இடத்தில் நுழைகிறோம் என்று தெரிந்துகொண்டு நுழைவதுதான் முறை.

ஃபோர்ட் டேவிஸின் கதையிலும் இப்படி ஒரு காயம் உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பின் அந்தக் கோட்டையில் கறுப்பினப் படைகள் பணியாற்றின. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய முதல் கறுப்பின அதிகாரியான ஹென்றி ஃபிளிப்பரை 1881-இல் இங்கேதான் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பணத்தைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை, ஆனாலும் வேறொரு குற்றம் சாட்டிப் பதவியைப் பறித்தார்கள். மன்னிப்பு வந்தது 1999-இல், அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து.

இன்று அந்த ஊரில் ஆயிரத்துச் சொச்சம் பேர். கவுண்டித் தலைநகர்தான், ஆனால் நகராட்சி கிடையாது, மேயரும் கிடையாது. அருகே மலை உச்சியில் 1939-இல் திறந்த மெக்டொனால்ட் வானாய்வகம் இருக்கிறது. அதற்காகச் சுற்றியுள்ள ஏழு கவுண்டிகளில் வெளிவிளக்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. பால்வெளியை வெறும் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

ஆல்பைனைப் பற்றி வர்ணிக்க இவ்வளவு இல்லை. ஆனால் குடியேறுவதென்றால் என் ஓட்டு அதற்குத்தான். 2020-இல் 6,035 பேர். 1920-இல் திறந்த சல் ராஸ் கல்லூரி இன்று பல்கலைக்கழகம், குதிரை, காளைகளை அடக்கும் ரோடியோ போட்டிக்குப் பேர்போனது. அதனால் இளைஞர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்துக்கே ஆஸ்பத்திரி இங்கேதான். தண்டவாளம் மார்ஃபா வழியாகவும் போகிறது, ஆனால் ஆம்ட்ராக் பயணிகள் ரயில் நிற்பது ஆல்பைனில்தான், அதுவும் வாரத்துக்கு மூன்று தடவை. மார்ஃபாக்காரரும் ஃபோர்ட் டேவிஸ்காரரும் நெஞ்சு வலித்தால் ஆல்பைனுக்கு வண்டியை விட வேண்டும். பெரிய நகரமான எல் பாசோ மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும்போது இது சின்ன விஷயமல்ல.

ஒரு வாரம் தங்கிப் பார்க்கத்தான் என்றால் ஆல்பைனில் அறை எடுங்கள். ஃபோர்ட் டேவிஸுக்கு இரண்டு நாள், அதில் ஒன்று அமாவாசையை ஒட்டிய இரவாக இருக்கட்டும். மார்ஃபாவுக்கும் இரண்டு நாள். ஆகஸ்ட் கடைசியில் போனால் புல் பச்சையாக இருக்கும், சமவெளியில் தூரத்து மழை நடந்து வருவதைப் பார்க்கலாம். அப்புறம், கோடைதானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வானாய்வக மலையில் இரவு நடுங்கவைத்துவிடும்.