சுவர் வரைபடம் செய்யக் கொடுக்கிறீர்களா? விடுபட்ட பெயர்களை முதலில் கேளுங்கள்

பெரிய வரைபடம் தயாரிக்கும் வேலையை வெளியாரிடம் ஒப்படைக்கப் போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வெள்ள மீட்புப் பயிற்சிக்கூடம் ஒன்றின் சுவருக்காக, ஓர் ஆற்றுப்படுகையின் வரைபடத்தை ஏ0 தாளில் (841 × 1189 மில்லிமீட்டர்) கேட்டிருந்தேன். நெரிசலான இடங்களில் ஒவ்வொரு பெயரையும் கையால் நகர்த்தி வைப்போம் என்று சொல்லி, அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். வந்த வரைபடம் பளிச்சென்று இருந்தது. பெயர்மேல் பெயர் எங்கும் ஏறவில்லை. ஊர்ப் பட்டியலை வைத்துச் சரிபார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. கரையோர ஊர்கள் பலவற்றுக்குப் புள்ளி இருக்கிறது, பெயர் இல்லை.

கையால் எதுவுமே செய்யவில்லை. இரண்டு பெயர்கள் மோதினால் ஒன்றை மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிடும். வரைபடம் தயாரிக்கும் மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் (QGIS) இயல்பான அமைப்பே இதுதான். ஊர்கள் நெருங்கிய இடத்தில்தான் மோதலும் அதிகம். ஆக, எங்கே மக்கள் நெருக்கமாக வாழ்கிறார்களோ அங்கேதான் பெயர்கள் அதிகம் காணாமல் போகின்றன. படகோடு கிளம்புகிறவருக்கு வேண்டியவை அந்தப் பெயர்கள்தான். இதைச் சின்னக் குறை என்று அவர்கள் சொன்னதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

"இடமில்லை" என்றார்கள். அது உண்மையல்ல. சுவிட்சர்லாந்தின் வரைபடக் கலைஞர் எடுவர்ட் இம்ஹோஃப் 1962இலேயே இதற்கான நெறிகளை எழுதி வைத்திருக்கிறார். புள்ளிக்கு வலப்பக்கம், சற்று மேலே பெயரை வைப்பது நல்லது. முடியாவிட்டால் வேறு பக்கம். ஆற்றங்கரை ஊரின் பெயர் அது இருக்கும் கரையிலேயே நிற்க வேண்டும். அதற்கும் வழியில்லாத இடத்தில் மெல்லிய கோடு இழுத்துப் பெயரைத் தள்ளி எழுதலாம், அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி ஓரத்தில் தனிப் பெட்டியாகக் கொடுக்கலாம். உழைப்பு வேண்டும், அவ்வளவுதான். அந்த உழைப்புக்குத்தானே பணம் வாங்கினார்கள்!

அச்சிடப்பட்ட பெயர்களிலும் பாதி படிக்கும்படி இல்லை. மாதிரியாகப் பிடிஎஃப் மட்டும் அனுப்பினார்கள். திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கினால் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். தாளில் அந்த வசதி ஏது? அவர்கள் போட்டிருந்த 5 பாயின்ட் அளவு எழுத்தின் மொத்த உயரமே ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர். அதையும் சாம்பல் நிறத்தில், பழுப்புச் சமவுயரக் கோடுகளின் மேல் வைத்திருந்தார்கள். எழுத்தைச் சுற்றிய வெள்ளை விளிம்பு அடுத்த பெயரின் மெய்ப்புள்ளியையே தின்றிருந்தது.

பிடிஎஃப்புக்கு ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லித் திருத்தவும் மறுத்தார்கள், பணத்தையும் திருப்பவில்லை.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். கியூஜிஐஎஸ்ஸில் இடம் கிடைக்காத பெயர்களைச் சிவப்பில் காட்டும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திய நிலையில் முழு வரைபடத்தையும் காட்டச் சொல்லுங்கள். மிக நெரிசலான பகுதியை மட்டும் உண்மை அளவிலேயே அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அதைச் சுவரில் ஒட்டி, படிக்கப்போகிறவர்கள் நிற்கும் தூரத்தில் நின்று படித்துப் பாருங்கள். இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சம்மதிக்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.