புள்ளி வைத்து வரைய இங்க்ஸ்கேப், கை போன போக்கில் வரைய க்ரிட்டா: ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை வேலைக்கு எது?

இங்க்ஸ்கேப், க்ரிட்டா இரண்டும் கணினியில் படம் வரையும் மென்பொருள்கள். இரண்டும் இலவசம். இரண்டும் திறமூலம் (நிரல் எல்லோருக்கும் திறந்தது). விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஆகவே விலையைக் காட்டி எதையும் தள்ள முடியாது. கடலூர் மஞ்சக்குப்பத்து ஃபிளெக்ஸ் கடைக்கு ஒரு பேனர், புதுச்சேரி அச்சகத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒயிட் டவுன் காபிக்கடைக்கு ஒரு மெனு அட்டை: இந்த மூன்று வேலையை மனத்தில் வைத்து இங்க்ஸ்கேப் 1.4-ஐயும் க்ரிட்டா 5.2-ஐயும் எடைபோடலாம்.

கோலத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். புள்ளி வைத்து, எண்ணிப் பார்த்து, சுற்றிச் சிக்கு இழுப்பவர் ஒருவர். மாவை அள்ளி, விரல் போன போக்கில் பூவும் கொடியுமாக வளர்த்துக்கொண்டு போகிறவர் இன்னொருவர். முன்னவருக்கு ஒரு புள்ளி தப்பினால் சிக்கு முடியாது. பின்னவருக்கு வாசல் அகலம் தெரியாவிட்டால் கோலம் படியேறிவிடும். இங்க்ஸ்கேப் முன்னவரின் கருவி, க்ரிட்டா பின்னவருடையது. ஒருவர் கருவியில் மற்றவர் வேலை பார்க்கும்போதுதான் தலைவலி.

இங்க்ஸ்கேப்பில் அந்தப் புள்ளியையே வைத்துப் பாருங்கள். 2 மி.மீ. விட்டத்தில், வெளிக்கோடு இல்லாத ஒரு வட்டம். எடிட் மெனுவில் குளோன் (மூலத்தோடு கட்டுண்ட நகல்), அதற்குள் டைல்டு குளோன்ஸ். வரிசைக்கு 7, நிரைக்கு 7 என்று கொடுத்து, ஷிஃப்ட் பகுதியில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கிடைமட்ட நகர்வு 400%, ஒவ்வொரு கிடைவரிசைக்கும் செங்குத்து நகர்வு 400% என்றால் மையத்துக்கு மையம் சரியாக 10 மி.மீ. இடைவெளியில் 49 நேர்ப்புள்ளி. இடைப்புள்ளி வேண்டுமென்றால் கிடைவரிசைக்கான கிடைமட்ட நகர்வை 250% ஆக்கி, அதன் கீழுள்ள ஆல்டர்னேட் பெட்டியில் டிக் போட வேண்டும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பாதி தள்ளி உட்காரும். வட்டத்துக்கு வெளிக்கோடு இருந்தால் அதன் தடிமனும் அளவில் சேர்ந்து இடைவெளி பிசகும். முதல் தடவை செய்கிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். இவை குளோன் என்பதால் மூலப் புள்ளியின் நிறத்தை மாற்றினால் 49-ம் கூடவே மாறும். கோலத்தின் கால் பாகத்தை மட்டும் வரைந்து, பாத் எஃபெக்ட்டில் (பாத் என்பது வரைந்த கோட்டுருவம்) உள்ள ரொட்டேட் காப்பீஸுக்கு 4 என்று கொடுத்தால் மிச்சம் தானாக வரும். திட்டம் போடுகிறவருக்கு இதைவிட நல்ல மணை கிடையாது.

ஆனால் மனத்தில் உருவம் தெளியாதவர் இதில் உட்கார்ந்தால் கை கட்டிப்போட்டதுபோல் இருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் முனை, வளைவைத் திருப்பும் கைப்பிடி, உள்நிரப்பு, வெளிக்கோடு என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பென்சில் கருவி இருக்கிறது. அதில் கிறுக்கினால் முனைகள் குவிந்து, பிறகு திருத்த முடியாத சிக்காகும். கிறுக்குவதற்குச் செய்த மென்பொருள் அல்ல இது.

க்ரிட்டாவின் சுகம் அங்கே. வலது கிளிக்கில் பிரஷும் நிறமும் வட்டமாக விரியும். கியூ விசையில் மல்டிபிரஷ், ஒரு கை வரைய ஆறு கை சேர்ந்து வரையும். டபிள்யூ அழுத்தினால் தரை ஓடுபோல் ஒரே படம் அடுத்தடுத்துத் தொடரும் முறை; புடவைக் கரை, பத்திரிகையின் பின்னணிப் பூவேலைக்கு அபாரம். எம் விசை படத்தைக் கண்ணாடியில்போல் திருப்பிக் காட்டும், முகம் கோணியிருந்தால் அப்போதே தெரியும். ஸ்னாப்ஷாட் டாக்கர் என்று ஒரு பக்கப் பலகை இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. வரைந்துகொண்டிருக்கும் நிலையைப் பிடித்து வைத்துக்கொண்டு வேறு திசையில் போய்ப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பலாம். அது நினைவகத்தில் மட்டுமே இருக்கும், கோப்போடு சேமிக்கப்படாது. மூடுவதற்கு முன் கன்ட்ரோல்+ஆல்ட்+எஸ் அழுத்தி எண்ணிட்ட தனிக் கோப்பாக வைத்துக்கொள்வது உத்தமம்.

இனி வாசல் அகலம், அதாவது படத்தின் அளவு. பேனர் 10-க்கு 6 அடி. க்ரிட்டாவில் புதுக் கோப்பைத் திறந்து, நல்ல தரம் வேண்டுமென்று 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கொடுத்தால் 36,000-க்கு 21,600 பிக்சல், அதாவது 77 கோடியே 76 லட்சம். ஒரு பிக்சலுக்கு 4 பைட். முழுக்க நிரப்பிய ஒரே லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) சுமார் 3.1 ஜிபி. 8 ஜிபி ராம் உள்ள கணினியில் இரண்டாவது லேயரிலேயே பிரஷ் இழுபடும், க்ரிட்டா வட்டில் எழுதி எழுதி வாங்கும். குறை மென்பொருளில் இல்லை, கணக்கில். தூரத்திலிருந்து பார்க்கும் ஃபிளெக்ஸுக்கு 72 டிபிஐ போதும். அதே பேனர் 8,640-க்கு 5,184 பிக்சல், லேயர் ஒன்றுக்குச் சுமார் 180 எம்பி. மறுபக்கம், கைப்பேசிக்கென்று 1,080 பிக்சல் சதுரத்தில் ஆரம்பித்த படம் அழகாக வந்துவிட்டது, அதையே பேனருக்குப் போடலாம் என்றால் கட்டம் கட்டமாகத்தான் வரும். க்ரிட்டாவில் எதை வேண்டுமானாலும் நடுவில் மாற்றலாம். சிறிதாகத் தொடங்கியதைத் தெளிவு கெடாமல் பெரிதாக்க மட்டும் வழியில்லை. யோசித்து முடிவு செய்ய வேண்டியது அந்த ஒரு எண்ணை.

இங்க்ஸ்கேப் கோட்டைப் பிக்சலாக அல்ல, கணக்காக வைத்திருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. பத்தில் ஒரு பங்காக, 12-க்கு 7.2 அங்குலத்தில் வேலை பார்த்து, ஏற்றுமதியில் 720 டிபிஐ கொடுத்தால் அதே 8,640-க்கு 5,184 வந்துவிடும். சுற்றிலும் கைடு கோடு (அச்சில் வராத அடையாளக் கோடு) இழுத்து, அசல் அளவில் 3 அங்குலம் எழுத்தில்லாமல் விடுங்கள். சட்டத்தில் மடித்து ஆணி அடிக்கும்போது தலைவர் பெயரின் கடைசி எழுத்து பின்பக்கம் போன பேனர்களை ஊரில் எல்லோரும் பார்த்திருப்போம். எழுத்து உயரத்துக்கு ஒரு கைக்கணக்கு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம். தேவனாம்பட்டினத்தில் மாசி மகக் கூட்டத்துக்கு நடுவே 30 அடியிலிருந்து படிக்க வேண்டுமானால் 3 அங்குலத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். தமிழில் கொக்கியும் சுழியும் உள்ள எழுத்துகளுக்கு அதற்கு மேலேயே வையுங்கள்.

தமிழ் எழுத்தில் போட்டியே இல்லை, இங்க்ஸ்கேப்தான். யூனிகோடில் தட்டினால் கொம்பும் துணைக்காலும் அதனதன் இடத்தில் உட்காரும். க்ரிட்டா 5.2-இல் எழுத்தைப் படத்தின் மேலேயே தட்ட முடியாது, தனிச் சாளரத்தில் தட்ட வேண்டும். பத்து வரிப் பத்திரிகைக்கு அது தண்டனை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும் என்பது தெரிந்ததே. புதுச்சேரியில் இன்னொரு பொறி உண்டு. மெனுவில் ஃபிரெஞ்சுப் பெயர் வரும். தலையில் கோடு போட்ட ஃபிரெஞ்சு எழுத்துகளின் இடத்தில் பழைய எழுத்துருக்கள் பலவும் தமிழ் எழுத்தைக் குடிவைத்திருக்கும். தமிழ், ஆங்கிலம், ஃபிரெஞ்சு மூன்றும் ஒரே அட்டையில் வர வேண்டுமானால் முக்தா மலர் போன்ற யூனிகோடு எழுத்துருவே வழி. அதுவும் இலவசம்.

நிறத்தில் இங்க்ஸ்கேப் பலவீனம். 1.4 எழுதித் தரும் பிடிஎஃப் ஆர்ஜிபிதான், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை. ஃபிளெக்ஸுக்குப் பரவாயில்லை. ஆஃப்செட்டில் அடிக்கும் பத்திரிகைக்கு அது உதைக்கும்: கருப்பு எழுத்து நான்கு மையும் கலந்த கருப்பாக மாறி, தகடு மயிரிழை நகர்ந்தாலும் சிறு எழுத்தின் ஓரம் நிழல் தட்டும். எழுத்தைப் பாத் ஆக்கி, எஸ்விஜியை (இங்க்ஸ்கேப்பின் சொந்தக் கோப்பு) ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இறக்கி, அங்கே கருப்பைத் தனிக் கருப்பாக மாற்றிப் பிடிஎஃப் எடுப்பது சுற்றுவழி, ஆனால் நம்பலாம். க்ரிட்டாவில் புதுக் கோப்பு திறக்கும்போதே சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை) தேர்ந்து, டிஃப் படக் கோப்பாகக் கொடுக்கலாம். ஆர்ஜிபியில் வரைகிறவர் கன்ட்ரோல்+ஒய் அழுத்தி, திரையில் மின்னும் கிளிப்பச்சை அச்சில் எவ்வளவு மங்கும் என்று வேலையின் நடுவிலேயே பார்த்துவிடலாம். எதையும் திட்டமிடாத ஆளுக்குக்கூட இந்த ஒரு பழக்கம் வேண்டும்.

ஒன்றுதான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் பேனர், பத்திரிகைக்காரர்களுக்கு இங்க்ஸ்கேப். இரண்டும் முடியுமென்றால் வரிசை இப்படி: க்ரிட்டாவில் 1,000 பிக்சல் அகலத்தில் ஐந்தாறு கிறுக்கல், ஒன்றுக்குப் பத்து நிமிடம், அழகெல்லாம் அப்புறம். அதில் ஒன்றை இங்க்ஸ்கேப்பில் இறக்கி, லேயரைப் பூட்டி, அதன் மேலே எழுத்தும் அளவும். ஓவியம் தேவையானால் அதை மட்டும் க்ரிட்டாவில் இறுதி அளவில் வரைந்து எழுத்துக்கு அடியில் வைக்கலாம்.

இங்க்ஸ்கேப்பில் பிடிஎஃப் சேமிக்கும் பெட்டியில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். எழுத்தைப் பாத் ஆக்கு என்பதைத் தேர்ந்திருக்க வேண்டும். மங்கல், நிழல் போட்டிருந்தால் அவை பிக்சலாக மாறும் அளவு 96 டிபிஐ என்று இருக்கும். பத்திரிகைக்கு அதை 300 ஆக்குங்கள், இல்லாவிட்டால் பூவின் நிழல் மட்டும் சொரசொரப்பாக விழும். கடைக்கு எஸ்விஜி கொடுக்க வேண்டாம். கடைக்காரர் கோரல் டிரா மென்பொருளில் திறக்கும்போது மங்கலும் கிளிப்பும் (வெட்டி மறைத்த பகுதியும்) கலைய வாய்ப்புண்டு. பிடிஎஃப் ஒன்று, உயர்தர ஜேபெக் ஒன்று என இரண்டையும் பென்டிரைவில் போட்டு, 'பத்து மடங்கு' என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். கடைக்காரர் திரையில் திறந்ததும் அளவு எத்தனை அடி என்று படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு அச்சுக்கு விடச் சொல்லுங்கள்.