மேசை விளக்கோடு நாலு வருஷம்

சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் 'லீட்' (LEED) தங்கச் சான்று வாங்கிய கட்டடம். வரவேற்பறையில் கண்ணாடிப் பட்டயம் மாட்டியிருக்கிறார்கள். குடிவந்த நாளில், "உங்கள் வெளிச்சம் உங்கள் கையில்" என்று சொல்லி ஒரு மொபைல் ஆப்பும், மேசைக்கு ஒரு எல்இடி விளக்கும் கொடுத்தார்கள்.

ஆப் வழியாகக் கூரை விளக்கைக் கூட்டலாம், குறைக்கலாம். முதல் வாரம் எல்லாருக்கும் அதுதான் விளையாட்டு. சிக்கல் என்னவென்றால், ஒரு விளக்குக்குக் கீழே இரண்டு மேசை. பக்கத்து சீட் தம்பிக்கு இரண்டு மானிட்டர், கோடிங் வேலை, இருட்டுதான் பிடிக்கும். எனக்கு ஐம்பதை நெருங்கும் கண், அச்சடித்த ஒப்பந்தங்களைப் படிக்கிற வேலை. நான் கூட்டுவேன், அவன் குறைப்பான். "அண்ணே, இது என்ன கல்யாண மண்டபமா?" என்பான். ஒரு வருஷத்தில் கம்பெனி போன் பாதுகாப்பு விதி மாறியதும் ஆப் நின்றுபோனது. யாரும் புகார் கொடுக்கவில்லை.

நிலைத்தது மேசை விளக்குதான். லீட்டின் நாலாம் பதிப்பு (வி4) விதி கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: தனி இருக்கைகளில் 90 சதவீதத்துக்காவது சொந்தக் கட்டுப்பாடு, அதில் குறைந்தது மூன்று நிலை. எரிவது, அணைவது, நடுவில் 30 முதல் 70 சதவீதத்துக்குள் ஒன்று. என் விளக்கில் தொட்டால் மாறும் மூன்று படி இருக்கிறது. கூரை வெளிச்சம் மட்டும் இருந்தால் என் மேசையில் சுமார் 300 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), விளக்கைப் போட்டால் 500க்கு மேல். போன் ஆப்பில் பார்த்த குத்துமதிப்புக் கணக்குதான். ஆனால் மாலையில் நெற்றி வலிப்பது நின்றதற்குக் கணக்கு வேண்டியதில்லை.

கடுப்பேற்றியது, ஆள் இல்லையென்றால் கூரை விளக்கைத் தானாக அணைக்கும் சென்சார். ஆள் அசைந்தால்தான் அதற்கு ஆள் இருப்பதே தெரியும். கீபோர்டில் விரல் ஓடுவதெல்லாம் கணக்கில் வராது. ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பேன், பட்டென்று தளமே இருட்டும். பேய்க்கு டாட்டா காட்டுகிற மாதிரி கையை ஆட்டுவேன். அசைவில்லாவிட்டால் 15 நிமிஷத்தில் அணைவதை, எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொல்லி 30 ஆக்கிய பிறகுதான் நிம்மதி.

மேற்குப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு வேறு கதை. நாலு மணி வெயில் கண்ணாடி வழியாக முகத்தில் அடிக்கும். ஜன்னல் திரையை இறக்கிவிட்டு விளக்கை முழுசாக எரிய விடுவார்கள். மறுநாள் காலையிலும் திரை இறங்கியேதான் இருக்கும், ஏற்றிவிட ஆளில்லை. மின்சாரச் சேமிப்பு அங்கேயே கோட்டை விட்டது.

போன மாதம் நிரந்தர சீட்டை எடுத்துவிட்டார்கள். முதலில் வருகிறவருக்கு முதல் இடம். எங்கள் வரிசையில் இரண்டு மேசை விளக்கு விட்டுவிட்டு மினுக்குகிறது. அந்த இரண்டு மேசையும் பத்து மணி வரை காலியாகவே கிடக்கும்.