பழைய குழலைக் கையைவிட்டு விடாதீர்கள்: ஏர் ரைபிள் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த தை மாதத்தில், என் மகளின் ஏர் ரைபிளுக்கு மாற்றுக் குழல் பொருத்தித் தருவதாகச் சொன்ன கோவை வியாபாரி ஒருவரிடம் 34,000 ரூபாயையும், அந்தப் பணத்தைவிட மதிப்பு மிகுந்த ஒரு நல்ல குழலையும் இழந்துவிட்டோம். அவருக்குக் கடையோ பெயர்ப்பலகையோ கிடையாது. பயிற்சிக் களங்களுக்கு நேரில் வந்து, பெற்றோரிடம் பேசி வியாபாரம் செய்பவர். புகார் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அனுப்பும் மற்றவர்களாவது ஏமாறாமல் இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் கோபிசெட்டிபாளையத்தில் பள்ளி ஆசிரியை. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் சுடுகிறாள். புதிய போட்டி ரைபிள் வாங்க எங்களுக்கு வசதி இல்லாததால், விளையாட்டை விட்டு விலகிய ஒரு மூத்த வீராங்கனையிடமிருந்து ஜெர்மன் ரைபிள் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். ஐப்பசி மழையில் தேர்வு காரணமாக மூன்று வாரம் பெட்டியைத் திறக்காமல் வைத்துவிட்டோம். பெட்டிக்குள் இருந்த பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்திருக்கிறது. திறந்து பார்த்தபோது குழலின் வாயைச் சுற்றிச் சிவப்பாகத் துருப் புள்ளிகள். அதன்பிறகு, 60 குண்டுகளுக்கு 611 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவள் 600க்கு இறங்கினாள். இந்தப் பிரிவில் பத்துப் புள்ளி வட்டம் என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டுத்தான். ரைபிளில் சிறு குறை இருந்தாலும் இலக்கு அட்டையில் தெரிந்துவிடும்.

அந்த வியாபாரி குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். "புரியெல்லாம் தேஞ்சு போச்சுங்க டீச்சர். இனி இது வெறும் குழாய்தானுங்க" என்றார். புரி என்பது குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் திருகுபோல ஓடும் வரிகள். அவர் சுட்டுப் பார்க்கவில்லை, எதையும் அளக்கவில்லை. ஏர் ரைபிளில் வெடிமருந்துச் சூடு கிடையாது, உள்ளே ஓடுவதோ பெல்லட் எனும் மெத்தென்ற சிறு ஈயக் குண்டு. பேணி வைத்த எஃகுக் குழலின் புரிகள் அதனால் அவ்வளவு எளிதில் தேய்ந்துவிடுவதில்லை. இதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. லோதர் வால்தர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் குழல் தன்னிடம் ஒன்று இருப்பதாகவும், இறக்குமதி செய்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். விலை 38,000 ரூபாய்; பழைய குழலைக் கொடுத்தால் 4,000 கழித்துக்கொள்வதாகச் சொன்னார். குழலின் மேல் அந்த நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்ததைப் பார்த்துச் சம்மதித்தேன். இரண்டு நாளில் பொருத்திக் கொடுத்தார். பில்லில் "உதிரிபாகம் 1, கூலியுடன்" என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஏன் என்று கேட்காமல் பையில் வைத்தது நான் செய்த முதல் தவறு.

அடுத்த இரண்டு மாதங்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. மதிப்பெண் 588க்குப் போனது. ஐந்து குண்டு சரியாக விழும். ஆறாவது காரணமே இல்லாமல் எட்டுக்குப் போகும். பயிற்சியாளர் அவளுடைய மூச்சைத் திருத்தினார், நிற்கும் நிலையை மாற்றினார், விசையை இழுக்கும் விரலைக் குறை சொன்னார். புதிய குழல் போட்டிருக்கிறோமே என்ற எண்ணத்தில் குழலை யாரும் சந்தேகிக்கவில்லை. தன் கையில்தான் குறை என்று நம்பி என் மகள் இரவில் அழுதிருக்கிறாள். மாநிலப் போட்டிக்கான தகுதியும் கைநழுவியது. பங்குனியில்தான் ரைபிளை வைஸ் என்னும் பட்டறை இடுக்கியில் இறுகக் கட்டி, பத்து மீட்டரில் அதே பெல்லட்டால் சுட்டுப் பார்த்தோம். முன்பு ஒரே துளையாக விழுந்த இடத்தில் 14 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சிதறியிருந்தது. வேகமானியில் வினாடிக்கு 170 மீட்டர் காட்டிய ரைபிள், ஒரு குண்டுக்கு 151, அடுத்ததற்கு 163 என்று ஏறி இறங்கியது. வைஸில் கட்டிய ரைபிளுக்கு மூச்சும் இல்லை, விரலும் இல்லை. குறை யாரிடம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெளிந்தது.

உறவினர் ஒருவர் எங்களை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் அழைத்துப் போனார். நாற்பது ஆண்டுகளாகப் பம்பு ஷாஃப்ட் கடைபவர். ஏர் ரைபிள் வைத்திருப்பவர். காற்று உருளையைக் கழற்றி வைத்து, ரைபிள் காலியாக இருப்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்ட பிறகே குழலைத் தொட்டார். ஒரு பெல்லட்டை எண்ணெய் தொட்டு வைத்து, துடைக்கும் கம்பியால் மெல்லத் தள்ளினார். பிறகு கம்பியை என் கையில் கொடுத்து, "நீயே தள்ளிப் பாரு அம்மிணி, கையிலயே தெரியும்" என்றார். தெரிந்தது. தொடக்கத்தில் இறுக்கமாகப் போன பெல்லட், முக்கால் தூரம் கடந்ததும் பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நல்ல ஏர் ரைபிள் குழலில் இது நேர்மாறாக இருக்க வேண்டுமாம். வாய்ப்பக்கம் கடைசி ஓர் அங்குலத்தில் சற்றே ஒடுங்கி, சோக் என்று அவர்கள் சொல்லும் அந்த இடத்தில் பெல்லட் மீண்டும் ஒருமுறை இறுகி, எல்லாக் குண்டும் ஒரே அளவாகி வெளியேறும்.

காரணத்தையும் அவர் விளக்கினார். குளிர்ந்த எஃகுக் குழாய்க்குள் கடினமான அச்சை அழுத்தி இழுத்துப் புரி போடும் முறையில், அந்த அழுத்தம் உலோகத்துக்குள்ளேயே தேங்கி நிற்கும். சூடேற்றி அதை ஆற்றாமல் குழலின் வெளிப்புறத்தை லேத்தில் கடைந்தால், கட்டிவைத்தது அவிழ்வதுபோல உள்துளை விரிந்துவிடும். எங்கள் குழலைக் கொடுத்தவர், வேறு ரைபிளுக்கான தடித்த குழல் ஒன்றை வாங்கி, எங்கள் ரைபிளில் நுழைவதற்காக வாய்ப்பக்கத்தைக் கடைந்திருக்கிறார். கருப்புப் பூச்சுக்கு அடியில் கடைந்த உளிக்கோடுகள் உருப்பெருக்கியில் தெரிந்தன. பெயர் அந்தப் பூச்சின் மேல் பிறகு பொறிக்கப்பட்டது. 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று பத்து மைக்ரான் வித்தியாசத்துக்குத் தனித்தனி டப்பாவில் பெல்லட் விற்கும் விளையாட்டில் விரிந்த குழல் எதற்கும் உதவாது.

வெளியே வந்த பெல்லட்டில் புரியின் தடங்களை எண்ணினோம். லோதர் வால்தரின் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள் குழலில் பன்னிரண்டு புரிகள் இருக்கும்; 450 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சுற்று. எங்களுடையதில் பத்துத் தடங்கள்தான் இருந்தன. கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி, கைப்பிடியில் ஒரு கோடு போட்டு, அது ஒரு முழுச் சுற்று வரும்வரை தள்ளி அளந்தபோது 390க்கு அருகில் வந்தது. இந்தச் சோதனைகளுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குழல் வாங்கிய அன்றே எங்கள் வீட்டுத் திண்ணையில் செய்திருக்கலாம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்தியது பெரியவர் கடைசியாகச் சொன்னதுதான். நான் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த பழைய குழலின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, துரு வாயின் விளிம்பைத் தாண்டி உள்ளே போயிருக்க வாய்ப்புக் குறைவு என்றார். குண்டு கடைசியாக விடைபெறும் அந்த விளிம்பில் ஒரு பக்கம் அரித்துவிட்டால், பின்னாலிருந்து வரும் காற்று அந்தப் பக்கமாக முதலில் பீறிட்டுப் பெல்லட்டைத் தள்ளிவிடும். விளிம்பை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீராக மட்டம் செய்து, கிரவுன் என்னும் அந்தச் சரிவைப் புதிதாக வெட்டினால் போதும். கூலி என்ன ஆகும் என்று கேட்டேன். "ஆயிரம் ரூவாய்க்கு மேல வாங்கினா அது பாவமுங்க" என்றார். அந்தக் குழலைத்தான் நான் 4,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பக் கேட்டபோது பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக வியாபாரி சொல்கிறார்.

ஆகவே, குழல் போய்விட்டது என்று யார் சொன்னாலும், சொல்பவரே புதியதை விற்பவராக இருந்தால் ஒரு வாரம் பொறுங்கள். முதலில் நன்றாகத் துடைத்து, காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி, இரண்டு மூன்று வகைப் பெல்லட்டால் கட்டி வைத்துச் சுட்டுப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும் என்பது பெரியவரின் அனுபவம். மாற்றத்தான் வேண்டும் என்றால் ரைபிள் தயாரித்த நிறுவனத்தின் குழலையே, அந்த மாடலுக்கு உரியதையே கேளுங்கள். தயாரிப்பாளர் பெயர், அளவு, எண் எல்லாம் பில்லில் வரவேண்டும். உங்கள் ரைபிளில் பொருத்தி, உங்கள் கண் முன் சுட்ட அட்டையைத் தேதியுடன் வாங்குங்கள். பழைய குழல் உங்களுடைய சொத்து. கழிவு எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் அதை வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

உரிமத்துடன் வேட்டை ரைபிள் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தாளவாடியில் விவசாயம் பார்க்கும் என் அண்ணனிடம் பயிர்ப் பாதுகாப்புக்கான .315 ரைபிள் இருக்கிறது. எங்கள் வீட்டில் பழக்கமானதும் இதே வியாபாரி அதற்கும் குழல் மாற்றித் தருவதாக அவரிடம் பேசியிருக்கிறார். இது எங்களுக்கு நேர்ந்த பண இழப்போடு ஒப்பிடக்கூடிய விஷயமே இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். அதை விற்கவும், மாற்றவும், பழுது பார்க்கவும் அதற்குரிய உரிமம் வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் இல்லாத துப்பாக்கியை விற்பது குற்றம். இருக்கும் எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். வாங்கியவர்தான் முதலில் காவல் நிலையத்தில் நிற்க வேண்டியிருக்கும். உயிராபத்தும் உண்டு. .30-06 போன்ற ரைபிள் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை செல்லலாம். தோட்டா உட்காரும் அறையின் ஆழம் தவறினால் உறை கிழிந்து அந்த வாயு சுடுபவரின் முகத்துக்கே திரும்பும். ஆழம் சரியா தவறா என்று காட்டும் கோ, நோ-கோ அளவுகோல்களால் அதைச் சோதித்து, அழுத்தச் சோதனை முத்திரையும் பெற்ற குழலைத் தவிர வேறு எதையும் அதில் பொருத்தக்கூடாது. அண்ணன் மறுத்துவிட்டார். மாவட்ட நிர்வாகத்தில் உரிமப் பிரிவைக் கேட்காமல் திருகாணியைக்கூடத் தொடமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். வியாபாரி 10,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொல்லி, அதற்கு ஈடாக எழுதிக் கேட்ட கடிதத்தில் நான் கையெழுத்திடவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கலாம். பில்லில் குழல் என்ற சொல்லே இல்லாததுதான் இப்போது எதிர்த்தரப்பின் வாதம். குழலைப் பற்றி அவர் கைப்பேசியில் அனுப்பிய குறுஞ்செய்திகளை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் மனு நிற்கிறது. நீங்களும் எந்த உரையாடலையும் அழிக்க வேண்டாம்.

எங்கள் பழைய குழல் உருக்கப்பட்டதாக நான் நம்பவில்லை. வாயின் இடப்பக்கம் மூன்று துருப் புள்ளிகள் இருக்கும். பின்பகுதியில் உள்ள எண் 71 என்று முடியும். அந்த எண்ணுக்கு மேலே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கீறல் உண்டு. அப்படி ஒன்றை யாராவது உங்கள் பயிற்சிக் களத்துக்கு விற்கக் கொண்டுவந்தால், தயவுசெய்து பணம் கொடுக்காமல், எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து உங்கள் பயிற்சியாளரிடம் கொடுத்து வையுங்கள். இந்த வட்டாரப் பயிற்சியாளர்கள் எல்லோரிடமும் நான் நேரில் சொல்லி வைத்திருக்கிறேன்.