பழைய ஜீப்பின் பின்பக்கக் கமான்: 38,500 ரூபாய் போன வழி

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் பின்பக்கக் கமானை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புப் பட்டைகளின் அடுக்கை, உயர்த்திக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். என்னென்ன பார்த்து வேலை கொடுக்க வேண்டும் என்பதை முடிவில் விரிவாகச் சொல்கிறேன். நான் இழந்தது 38,500 ரூபாய்.

என்னுடையது பழைய மஹிந்திரா எம்எம் 540. வயல் மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றுக் கரையை ஒட்டி இருக்கிறது. கார்த்திகை மழையில் அந்தக் கரைப் பாதையின் களிமண்ணில் டிராக்டர்கள் ஓடி ஓடி முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்துவிடும். தடங்களுக்கு நடுவே நிற்கும் மேட்டில் அடிவயிறு தட்டாமல் வண்டி போகாது. போதாததற்கு வயதான கமான் வளைவு இழந்து, வண்டியே பின்புறம் உட்கார்ந்துவிட்டது. பட்டைகளைப் புதிதாக்கி இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டினால் இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று நினைத்தேன்.

போனது நெடுஞ்சாலையோரத்தில் லாரிக் கமான் கட்டும் ஒரு பெரிய பட்டறைக்கு. பெயரும் ஊரும் வேண்டாம். நான் ஏமாந்த இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. முதலாளி பெரியவர், தரையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நூல் பிடித்து அளந்து, வலப்பக்கம் முக்கால் அங்குலம் கூடுதலாக இறங்கியிருப்பதைக் காட்டினார். பிறகு அடுக்கிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, ஒரு முனையை விரலால் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டினார். கணீரென்று ஒலித்தது. அடுத்ததைத் தட்டியபோது மொட்டைச் சத்தம் வந்தது. “கேட்டீங்களா தம்பி? உள்ள கீறல் இருக்கு. இத எவனுக்கும் போட மாட்டேன்” என்று என் கண்ணெதிரே மூலையில் வீசினார். அந்த ஒரு வீச்சுக்கு நான் விழுந்தேன். வண்டியோடு மாட்டும் மெயின் பட்டை உட்பட எல்லாம் புதிது, கமானை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் புதிது, புஷ், ஷாக்கிள், ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்த்து 38,500 என்றார். முன்பணம் 20,000, வண்டி எடுக்கும்போது 18,500, இரண்டும் கைபேசி வழியாகவே அனுப்பினேன்.

எடுத்துவந்த பத்தாம் நாளே, என்ஜின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்டிலிருந்து ஒரு முனகல் எழ ஆரம்பித்தது. உயரம் கூட்டினால், அந்த ஷாப்ட் பின் அச்சில் சேரும் பினியனின் சாய்வும் மாறும், அதற்கு ஆப்புத்தகடு வைத்துச் சரிசெய்யாவிட்டால் ஷாப்ட் முனையிலுள்ள கிராஸ் மூட்டு தேயும் என்பது எனக்கு அப்போது தெரியாது, கட்டியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன் செய்தேன். “புதுக் கமான் தம்பி, செட் ஆகணும், ஓட்டுங்க” என்றார். ஓட்டினேன்.

நேற்று முன்தினம் ஆறு மூட்டை யூரியாவும் ஓர் ஆளுமாகக் கரையில் வந்துகொண்டிருந்தபோது, வேட்டு வெடித்தது போன்ற சத்தத்துடன் வலப்பக்க மெயின் பட்டை அச்சுக்கு முன்னால் இரண்டாக முறிந்தது. அந்தப் பக்கம் அச்சு முன்னே நகர்ந்து, டயர் மட்கார்டில் உரசிப் புகைய, வண்டி நண்டு போலக் கோணிக்கொண்டு நின்றது. வாய்க்காலில் இறங்காமல் தப்பியது யார் செய்த புண்ணியமோ.

கமானைக் கழற்றி, மேலே அடித்திருந்த கறுப்பு பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தபோது கதை முழுவதும் தெரிந்தது. முறிந்த இடத்தைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. அதாவது பழைய பட்டையையே காஸில் சுட்டு வளைத்திருக்கிறார்கள். கமான் இரும்பின் வலிமையும் வளைந்து மீளும் குணமும் அதைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கொடுத்த பதத்தில் இருக்கிறது. காஸ் நெருப்பில் ஓரிடத்தை மட்டும் சுட்டால் அங்கே அந்தப் பதம் போய்விடும். கூடுதலாகச் சேர்த்த பட்டையிலோ, பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டைக்குப் பக்கத்திலேயே வெல்டிங் வைத்து அடைத்த இன்னொரு ஓட்டை இருந்தது. ஏதோ ஒரு டெம்போவில் உழைத்து ஓய்ந்த பட்டை அது. யூ போல்ட்டும் என் பழைய யூ போல்ட்தான், கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்திருந்தார்கள். மூலையில் வீசிய அந்தக் கீறல் பட்டை எந்த வண்டிக்குப் போனதோ.

அதன் பிறகு நடந்தது வேறு கூத்து. முதல் அழைப்பில் “எவ்வளவு லோடு ஏத்துனீங்க?” என்றார். யூரியா மூட்டை 45 கிலோ, ஆறும் சேர்ந்து 270. இதைத் தாங்காத கமானுக்கா 38,500 ரூபாய்? இரண்டாவது அழைப்பில் கமான் கட்டிய மாஸ்டர் ஊருக்குப் போயிருந்தார். மூன்றாவதை முதலாளியின் மகன் எடுத்து, சேற்றில் ஓட்டிய வண்டிக்குக் கேரண்டி கிடையாது என்றார். ஜீப்பைப் பின்னே எங்கே ஓட்டுவதாம்? பில் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இருப்பது “கமான் வேலை 38,500” என்று எழுதிய துண்டுச்சீட்டு, முத்திரைகூட இல்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “உயரத்த ஏத்துனது ஆர்டிஓக்குத் தெரிஞ்சா கேஸு உங்க மேலதான் சார் வரும்” என்றார். அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வது உண்மைதான், அதை விசாரிக்காதது என் தவறு. ஆனால் பணம் வாங்கும்போது அந்தப் பிரிவு இவர்கள் நினைவுக்கு வரவில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பெயிண்ட் அடிக்கும் முன் பட்டைகளைப் பாருங்கள். காஸ் கட்டர் கமான் பக்கம் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். யூ போல்ட்டைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். பழைய சாமானைக் கையோடு கேட்டு வாங்குங்கள். பட்டை, போல்ட் என்று தனித்தனியாக எழுதிய பில் இல்லாமல் மீதிப் பணம் தராதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசமும் உண்டு என்பதால் அங்கேயும் போவேன். முறிந்த பட்டையைச் சாக்கில் சுற்றிப் பத்திரப்படுத்தியாயிற்று. வண்டி இன்னும் கரையிலேயே தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. மழை விட்டால் நாளைக் காலையில் டிராக்டர் வைத்து இழுத்துவர வேண்டும், அதற்கு வாடகை தனி.