லென்ஸை லேத் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள்

தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு, பழைய ஃபிலிம் புரொஜெக்டர் லென்ஸ்கள் காயலான் கடைகளுக்கு வந்துவிட்டன. அப்படி ஒன்று எனக்கும் கிடைத்தது. கண்ணாடி அருமை. ஆனால் ஃபோகஸ் வளையம் கிடையாது. புரொஜெக்டரில் குழலையே முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். கேமராவில் மாட்ட ஹெலிகாய்டு, அதாவது திருகினால் நீண்டு சுருங்கி ஃபோகஸ் செய்யும் குழல், வேண்டும். அது ஆன்லைனில் வாங்கலாம். அதையும் லென்ஸையும் இணைக்கும் அலுமினிய வளையத்தைக் கடைந்துதான் ஆக வேண்டும்.

கோவை கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அளவெல்லாம் தாளில் வரைந்திருந்தேன்: உள்விட்டம் 52.5 மி.மீ., வெளியே 65 மி.மீ. மரை, பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1 மி.மீ. லென்ஸ் கனம் என்பதால் ட்ரைபாடில் நிறுத்த ஒரு பாதம். அதில் கால் இன்ச் ஓட்டை, இன்ச்சுக்கு 20 மரை. கறுப்பு ஆனோடைசிங் (அலுமினியத்தின் மேற்பரப்பிலேயே நிறம் ஏற்றுவது) உட்பட 2500 ரூபாய், அட்வான்ஸ் 1500.

"தாளை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க தம்பி, சாம்பிள் இருந்தாத்தான் கரெக்டா வரும்" என்றார் ஓனர். லென்ஸைக் கொடுத்துவிட்டு வந்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

நாலு நாள் என்றது ஐந்து வாரம் ஆனது. போன் போட்டால் "ஆனோடைசிங்குக்குப் போயிருக்குங்க" என்பார். ஒருவழியாக வரச் சொன்னார். வளையம் லென்ஸில் கச்சிதமாக உட்கார்ந்தது. சந்தோஷத்தில் மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் வந்து ட்ரைபாடில் மாட்டினால் திருகு ஒரு சுற்றோடு நின்றுவிட்டது. கால் இன்ச்சுக்குப் பதில் 6 மி.மீ. டேப் போட்டு மரை வெட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கால் இன்ச் என்பது 6.35 மி.மீ., பிட்ச் 1.27, 6 மி.மீ. மரைக்கு பிட்ச் 1. அழுத்தித் திருகினால் மரை போய்விடும். போனில் சொன்னால், "போடப் போட சரியாயிடுங்க" என்கிறார்! ஆனோடைசிங் என்றதும் வெறும் ஸ்ப்ரே பெயின்ட். நகத்தால் சுரண்டினால் உரிகிறது. உள்ளே பளபளப்பு வேறு, படமெல்லாம் வெளிறுகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வளையத்தைக் கழற்றியபோதுதான் லென்ஸ் குழலைச் சரியாகப் பார்த்தேன். அரை வட்டத்துக்குப் புதிதாகத் தேய்த்த தழும்பு, முன்விளிம்பில் சம இடைவெளியில் மூன்று பள்ளம். கண்ணாடிகளுக்கு நடுவே அலுமினியத் தூள். வெர்னியர் அளவுகோல் வைத்தால் குழல் 52.1 காட்டுகிறது. நான் கொடுக்கும்போது 52.5.

நேரில் போய்க் கேட்டேன். பையன் தெரியாமல் செய்துவிட்டானாம். பணம்? "அது வேலைக்கான கூலிங்க."

சாம்பிள் கேட்டால் லென்ஸைக் கொடுக்காதீர்கள். அதே விட்டத்தில் ஒரு துண்டு ராடைக் கடைந்து கொடுங்கள். ட்ரைபாடு திருகையும் ஹெலிகாய்டையும் பையில் எடுத்துப் போய், அங்கேயே திருகிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தை எடுங்கள். வளையத்தில் பிசிறு இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு துணுக்கு சென்சார் மேல் விழுந்தால் போதும்.

பாதத்தை மாற்றிச் செய்ய வேறொரு பட்டறைக்குப் போனேன். வயதான டர்னர் ஒருவர் லென்ஸை வாங்கி வெளிச்சத்தில் ஒரு சுற்று திருப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க, வளையத்துல துளை பத்தலைன்னு லென்ஸையா லேத் சக்குல புடிச்சுக் கடைஞ்சாங்க?" என்றார்.